ராமாத்தாள் கேட்ட காலிஃப்ளவர்

மயிலாத்தாளுக்குத் தன் பிறந்த வீட்டை நினைத்தால் முகங்களுக்கு முன்னால் ஒரு சத்தம்தான் வரும். விடிகாலையில் அப்பா வாசலில் நின்று அன்றைய வேலையைச் சொல்வார். சொல்லி முடித்ததும் மூன்று "சரிங்கப்பா" ஒன்றன்பின் ஒன்றாக விழும். முதலாவது தகர டப்பாவில் விழுந்த கல் மாதிரி. இரண்டாவது தண்ணீர்க் குடத்தில் விழுந்த கல் மாதிரி. மூன்றாவது புழுதியில் விழுந்த மாதிரி, சத்தமே இருக்காது, ஆனால் விழுந்தது தெரியும். அவளுடைய அண்ணன்கள் அந்த வரிசைப்படி சென்னியப்பன், மாரப்பன், நாச்சிமுத்து.

மூவரும் கெட்டவர்கள் அல்ல. சோம்பேறிகளும் அல்ல. ஒரு காலத்தில் சொந்தமாக யோசிக்கவும் செய்தார்கள். ஒரு மாசி மாதம் மூவரும் கூடி யோசித்ததில், சித்திரை வெயிலுக்குக் கிணறு வற்றிவிடும், அதற்குள் தண்ணீரைக் காப்பாற்றியாக வேண்டும் என்று முடிவாயிற்று. அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கிணற்றை அடிவரை இறைத்து, தண்ணீரை வீட்டுக்குள் நிழலில் ஊற்றி, அது வெளியே ஓடிவிடாமல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார்கள். அப்பா வந்து கதவைத் திறந்தார். உரல் மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தது.

அன்றைக்கு அவர் ஈர வேட்டியோடு நின்று ஒரு சட்டம் போட்டார். "இனிமே சொன்னதச் செய்யுங்க. சொல்லாததச் செய்யாதீங்க."

"சரிங்கப்பா." "சரிங்கப்பா." "சரிங்கப்பா."

அப்பா காலமானார். சட்டம் காலமாகவில்லை.

ஊர் சிரித்தது. மயிலாத்தாளும் சேர்ந்து சிரித்திருப்பாள், அவள் கல்யாணம் மட்டும் குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அந்த வீட்டின் போக்கைக் கொஞ்ச நேரத்திலேயே புரிந்துகொண்டு, "போயிட்டு வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. வருகிறோம் என்றார்களே என்று அண்ணன்கள் மூவரும் அந்த வாரம் முழுக்க அவர்களுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கச் சொல்லி, இலை போட்டு வைத்திருந்தார்கள். யாரும் உட்காராத வாழையிலை காய்ந்து சுருளும்போது ஒரு சின்னச் சத்தம் போடும். அது மயிலாத்தாளுக்கு மட்டும்தான் கேட்டது.

இப்படியிருக்கையில்தான் ஈஸ்வரமூர்த்தி வந்தான். டவுனுக்குப் போகிற சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்தவன். மிளகாய் நாற்று வாங்கப் போனவளுக்கு வேரை ஈரச் சாக்கில் சுற்றி, பச்சைப் பிள்ளையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தான். அதன்பிறகு அந்த வீட்டுத் தோட்டத்தில் தேவைக்கு மேலேயே மிளகாய் விளைந்தது. கட்டினால் மயிலாத்தாளைத்தான் கட்டுவேன் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டான்.

அவன் அம்மா ராமாத்தாள் ஒரு புரட்டாசிக் கடைசியில் மகனோடு நேரில் வந்தாள். குள்ளமான, கணீர்க்குரல் அம்மாள்.

"ஊருல உங்களப் பத்தி என்னென்னமோ சொல்றாங்க, சாமி. ஊர் பேச்ச நா நம்பறதில்ல. என்ற கண்ணால பாக்கோணும்" என்றாள். மகன் கையிலிருந்த கூடையைக் காட்டினாள். "இது காலிஃப்ளவர் நாத்து. கொஞ்சம் அசந்தாலும் கெட்டுப்போற பயிரு. நீங்க மூணு பேரும் ஒரே ஒரு பூவ உருப்படியா வளத்துக் காட்டுங்க, பொண்ணத் தட்டு மாத்திக் கூட்டிட்டுப் போறேன். இல்லீன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுரோணும். அப்பறம் இன்னொண்ணு. பொண்ணு தோட்டத்துல கை வெக்கக் கூடாது."

"கால்?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"காலும் வெக்கக் கூடாது."

அன்றிலிருந்து மயிலாத்தாள் சமையலறை ஜன்னலோடு நின்றுபோனாள். ஜன்னலுக்கு நேர் எதிரே புழக்கடைத் தோட்டம்.

ஈஸ்வரமூர்த்தி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னான். முழத்துக்கு ஒரு நாற்று நடணும். காலையும் மாலையும் தண்ணி விடணும். புழு வந்தால் கையால் பொறுக்கி எடுக்கணும். பூ கோழிமுட்டை அளவு வந்ததும் சுற்றியிருக்கிற இலையை மேலே மடக்கிக் கட்டிவிடணும், பூவின் மேல் வெயில் படக்கூடாது, பட்டால் மஞ்சளடித்துவிடும். சொல்லும்போது அவன் அடிக்கடி ஜன்னல் பக்கமும் பார்த்துக்கொண்டான். அவனுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது.

"சரிங்க மாப்ள." "சரிங்க மாப்ள." "சரிங்க மாப்ள."

நடவில் முதல் சிக்கல் வந்தது. முழம் என்றால் யார் முழம்?

"மூத்தவன் நான். என்ற முழந்தான்" என்றான் சென்னியப்பன்.

"உன்ற கை நீளம்ணா. எடம் பத்தாது" என்றான் மாரப்பன்.

"மாப்ள யாரு கையின்னும் சொல்லலியே" என்றான் நாச்சிமுத்து.

நெடுநேரம் பேசி, கடைசியில் இளையவன் கைதான் பொது என்று தீர்ந்தது. நாச்சிமுத்துவைப் பாத்தியில் குப்புறப் படுக்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, அதை ஒட்டி ஒட்டி நாற்று வைத்தார்கள். ஒவ்வொரு நாற்றுக்கும் அவனைக் காலைப் பிடித்து இழுத்து நகர்த்தினார்கள். நட்டு முடிந்ததும் மற்ற இருவரும் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார்கள். சின்ன அண்ணன் எங்கே என்று மயிலாத்தாள் எட்டிப் பார்த்தாள். அவன் பாத்தி முனையில் கை நீட்டியபடியே படுத்திருந்தான்.

"எந்திரிச்சு வாங்கண்ணா!"

"யாராச்சும் சொல்லுவாங்கன்னுதாம் பாத்துட்டிருந்தேன் அம்முணி" என்று சொல்லிக்கொண்டு எழுந்தான். மண்ணில் அவனுடைய உருவம் பதிந்திருந்தது. அவனைவிட அது கொஞ்சம் புத்திசாலியாகத் தெரிந்தது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. மயிலாத்தாள் ஜன்னலைத் திறந்தபோது கொட்டுகிற மழையில் சென்னியப்பன் குடம் குடமாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் ஆளுக்கொரு குடையை விரித்துச் செடிக்குப் பிடித்தபடி தெப்பலாக நனைந்துகொண்டிருந்தார்கள்.

"மழைதான் பெய்யுதே! எதுக்குண்ணா தண்ணி?"

"இது நாம விட்ட தண்ணி இல்லயே அம்முணி. மாப்ள விடச் சொன்னாரு. மழைய யாரு வரச் சொன்னாங்க?"

"குடை எதுக்கு?"

"அந்தத் தண்ணியும் சேந்தா அதிகமாயிருமுல்ல?" என்றான் மாரப்பன். அவ்வளவு அக்கறை.

"மழை பெய்யறப்ப தண்ணி விடாதீங்க" என்றாள் மயிலாத்தாள். சொன்ன பிறகு நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போனாள். அதுதான் அவள் செய்த தவறு.

மழை விட்டது. வெயில் வந்தது. நாட்கள் போயின. செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. மூவரும் காலையும் மாலையும் நிறைகுடத்தோடு பாத்தி ஓரத்தில் வந்து நின்றார்கள். தெற்கே நிமிர்ந்து பார்த்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

"ஏண்ணா ஊத்தல?" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள்.

சென்னியப்பன் தொலைவில் நீலமாகத் தெரிந்த மலையைக் காட்டினான். அதன் தலையில் கருமேகம் கவிழ்ந்திருந்தது. "அங்க பெய்யுது பாரு, அம்முணி."

"நானும் இதத்தான் அண்ணங்கிட்டக் கேட்டேன்" என்றான் நாச்சிமுத்து. "மலைமேல மழை நின்னுருச்சு, பளனியில நின்னுருச்சுன்னு ஆரு வந்து சொல்றது? எங்கயோ ஒரெடத்துல பெஞ்சுட்டேதான் இருக்கும். எனக்கென்னமோ இனிமே தண்ணி விடவே முடியாதுன்னு தோணுது."

"தோணக் கூடாது. தோணச் சொல்லி யாரும் சொல்லல" என்று தம்பியை அடக்கினான் சென்னியப்பன்.

மயிலாத்தாள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு, நம்ம தோட்டத்தில், நம்ம செடி மேல், நனைகிற மாதிரி மழை பெய்தால் மட்டும் விடவேண்டாம், மற்றபடி விடுங்கள் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். பாதிச் செடிகள் அதற்குள் போய்விட்டிருந்தன. மீதியை அந்தத் தண்ணீர் மீட்டது.

மீட்டதைத் தின்பதற்குப் புழு வந்தது. பச்சைப் புழு. அண்ணன்கள் இந்த வேலையில் குறையே வைக்கவில்லை. விடிந்ததும் இலை இலையாகப் புரட்டிப் பொறுக்கினார்கள். பொறுக்கியதை ஒரு மண்பானையில் போட்டார்கள். அப்புறம்தான் கேள்வி வந்தது. மூவரும் பானையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பொறுக்கச் சொன்னாரு. கொல்லச் சொல்லல" என்றான் சென்னியப்பன்.

"வெளிய விடவும் சொல்லல" என்றான் நாச்சிமுத்து.

"அப்ப நம்மகிட்டதான் இருக்கோணும்" என்றான் மாரப்பன். அவன் இளகிய மனசுக்காரன். "இருக்கறதுன்னா, சோறு?"

ராகிக் களி வைத்துப் பார்த்தார்கள். புழுக்கள் தொடவில்லை. மோர் ஊற்றிப் பார்த்ததில் ஒன்றிரண்டு செத்துப்போயின. மாரப்பன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், அதுங்களுக்கு எது பிடிக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே என்று அவனே போய்க் காலிஃப்ளவர் இலையைப் பறித்து வந்து போட்டான். புழுக்கள் தின்ற அழகைப் பார்த்து மூவருக்கும் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் இரண்டு செடியின் இலை. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. புழுக்கள் உருண்டு திரண்டு, கூடு கட்டி, ஒரு காலையில் பானைக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகப் பட்டாம்பூச்சிகள் கிளம்பின. ஜன்னலில் நின்றவளுக்கும் ஒரு கணம் அது அழகாகத்தான் இருந்தது. அவை நேராகத் தோட்டத்துக்குப் போய் முட்டையிட்டன.

"நம்ம பசங்க. வீட்ட மறக்கல பாத்தியா" என்றான் மாரப்பன்.

கார்த்திகை முடிவதற்குள் தோட்டத்தில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. ஜன்னலுக்கு நேர் எதிரே நின்ற செடி. அதன் இலையில் யார் கை வைத்தாலும் மயிலாத்தாள் போட்ட கூச்சலில்தான் அது பிழைத்தது.

அந்த ஒற்றைச் செடி ஒருநாள் நடுவில் வெள்ளையாய் ஒரு மொட்டுக் காட்டியது. மயிலாத்தாள் அன்று முழுக்க அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். கல்யாணமே அந்தச் சுண்டைக்காய் அளவு வெள்ளையில்தான் இருந்தது.

கோழிமுட்டை அளவு வந்ததா என்று பார்ப்பதற்காக அண்ணன்கள் ஒரு முட்டையைக் கொண்டுவந்து பூவுக்குப் பக்கத்தில், இலை மடிப்பில் வைத்தார்கள். தினமும் குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பூ வளர்ந்தது. முட்டை அப்படியே இருந்தது. சரியாக இரண்டும் ஒரே அளவான அன்றைக்கு, முட்டையைத் தேடி அலைந்த கோழி செடியைக் கண்டுபிடித்துவிட்டது. ஏறி, சிறகை விரித்து, முட்டையையும் பூவையும் சேர்த்து அடைகாக்க உட்கார்ந்துகொண்டது.

மூவரும் நின்று பார்த்தார்கள்.

"வெயில் படல" என்றான் நாச்சிமுத்து.

"படல. ஆனா மாப்ள இலையக் கட்டச் சொன்னாரு. கோழி வெக்கச் சொல்லல" என்றான் சென்னியப்பன்.

"கோழி எந்திரிச்சாத்தான இலையக் கட்டறது? எந்திரிக்கச் சொல்லு" என்றான் மாரப்பன்.

சென்னியப்பன் கோழியைப் பார்த்து, "எந்திரிங்க" என்றான். அது அந்த வீட்டுக் கோழிதான் என்றாலும் சட்டம் அதற்குத் தெரியவில்லை.

"அய்யோ, கோழிய வெரட்டுங்கண்ணா!" என்று மயிலாத்தாள் அலறினாள்.

விரட்டினார்கள். பாத்தியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சோளக்காட்டு வழியாக அடுத்த ஊர் வரைக்கும் விரட்டினார்கள். பொழுது சாயும் நேரத்துக்குத்தான் கோழியை முன்னால் விட்டுக்கொண்டு திரும்பினார்கள். நால்வருக்கும் மூச்சு வாங்கியது. "எது வரைக்கும்னு நீ சொல்லல அம்முணி. கோழியே திரும்பிருச்சு, நாங்களும் திரும்பிட்டோம்" என்றான் நாச்சிமுத்து. பிறகு இலையை மடக்கி, வாழைநாரால் கட்டினார்கள். அதை மட்டும் மூவரும் அவ்வளவு நன்றாகக் கட்டினார்கள்.

மார்கழியில் ராமாத்தாள் வந்தாள். மகன் பின்னாலேயே வந்தான். அம்மாள் நேராகத் தோட்டத்துக்குள் போய் நின்று சுற்றிலும் பார்த்தாள். வெறும் பாத்தி. நடுவில் ஒற்றைச் செடி, இலைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் கேட்டீங்க, அத்த" என்றான் சென்னியப்பன்.

ராமாத்தாளால் அதை மறுக்க முடியவில்லை. "அவுத்துக் காட்டுங்க" என்றாள்.

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். உச்சி வெயில். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து உள்ளே ஓடிப்போய்க் கம்பளி எடுத்து வந்தான். செடியின் மேல் கம்பளியைப் போர்த்தினார்கள். பிறகு சென்னியப்பன் மிகுந்த மரியாதையோடு கம்பளியின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, "உள்ள வாங்க அத்த" என்றான்.

ராமாத்தாள் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு உள்ளே போனாள். கம்பளி மூடிக்கொண்டது.

"ஒண்ணுமே தெரியலயே!" என்றது கம்பளி.

"தெரியாதுங்க அத்த. தடவிப் பாருங்க" என்றான் மாரப்பன்.

கம்பளி அங்கும் இங்கும் புடைத்தது. மயிலாத்தாள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. முன்னைவிட மெதுவாக வந்தது.

"பெருசாத்தான் இருக்குது. கெட்டியாவும் இருக்குது."

அறுக்கச் சொன்னாள், அறுத்தார்கள். வெளிச்சத்தில் பார்த்தபோது பூ பால் கட்டி மாதிரி வெளுப்பாக இருந்தது. ஈஸ்வரமூர்த்தியே அப்படி ஒன்றை அடிக்கடி பார்த்ததில்லை. மயிலாத்தாள் ஜன்னலில் முதன்முதலாகச் சிரித்தாள். ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை.

"சமைக்கறதுக்கு முன்னால உப்புத் தண்ணியில போட்டு வைங்க. புழு வெளிய வந்ததும் எடுத்துக் கழுவிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அண்டாவில் உப்புத் தண்ணீர் கலந்து பூவைப் போட்டார்கள். மூவரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். நேரம் போனது. வெற்றிலை போட்டுக்கொண்டே அம்மாள் இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். அவள் ஒரு கொட்டாவி விட்டாள்.

"வரக் காணமே" என்றான் சென்னியப்பன்.

"எப்படி வரும்? நாமதான் ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டமே" என்றான் நாச்சிமுத்து.

"வந்தாத்தான் எடுக்கலாம். அத்த அப்படித்தான சொன்னாங்க?" என்றான் சென்னியப்பன்.

மாரப்பன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது அவன் உள்ளங்கையில் பானையிலிருந்து எடுத்த ஒரு புழு இருந்தது. இருந்ததிலேயே கொழுத்தது, அவனுக்கு ரொம்பப் பிடித்தமானது. அதை மெதுவாகப் பூவின் இடுக்கில் வைத்து, காதோடு சொல்வது போலக் குனிந்து, "போனதும் வந்துரோணும், சாமி" என்றான்.

மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?" கட்டிலிலிருந்து கணீரென்று குரல் வந்தது.

"புழு வெளிய வந்ததும் எடுக்கச் சொன்னீங்க அத்த. உள்ள இருந்தாத்தான வெளிய வரும்?" என்றான் மாரப்பன். அவன் குரலில் குறும்பு இல்லை. அந்த வீட்டில் யார் குரலிலும் அது கிடையாது.

ராமாத்தாள் எழுந்து வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். புழு மேலே ஏறி வந்தது. மூவரும் ஒரே நேரத்தில் பூவை எடுத்தார்கள், கழுவினார்கள், அவளிடம் நீட்டினார்கள்.

அம்மாள் வாங்கவில்லை. "உக்காருங்க" என்றாள். மூவரும் ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள். "எந்திரிங்க" என்றாள். எழுந்தார்கள். அவள் முகம் என்னவோ போல் ஆயிற்று. மகன் பக்கம் திரும்பினாள்.

"பண்ணைக் கூரைய மாத்தச் சொல்லி எப்பச் சொன்னேன்?"

"அது வந்தும்மா, மழை விடட்டுமுன்னு..."

"உங்கொப்பனும் இதேதான் சொன்னாரு, சாகற வரைக்கும். அறுபது வயசாச்சு எனக்கு. எம்பட வாயில வந்ததுல ஒரு சொல்லக்கூட யாரும் கேட்டதில்ல. கேட்டுட்டுக் கேட்டுட்டுத் தலைய ஆட்டிட்டுப் போயிருவீங்க. இவங்க என்னடான்னா..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு இந்த வீட்டுப் பொண்ணு போதும். வேற பேச்சு வேண்டாம்."

"சரிங்க அத்த." "சரிங்க அத்த." "சரிங்க அத்த."

அதன்பிறகு வெகுநேரம் அந்த வீட்டில் யாரும் வேறு எதுவும் பேசவில்லை.

கடைசியில் மயிலாத்தாள்தான் ஜன்னலிலிருந்து கேட்டாள். "இப்பவாச்சும் அதை நான் தொடலாமாங்க?"

"தொடு கண்ணு" என்றாள் ராமாத்தாள்.

அன்றைக்கு ஐந்து பேரும் அவளும் அந்த ஒரே பூவை மிளகு தூவிப் பொரியல் செய்து சாப்பிட்டார்கள். ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது. ஈஸ்வரமூர்த்தி மூன்றாவது வாய் கேட்டான். அவன் இலையில் தன் பங்கை எடுத்து வைத்தவள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அண்ணன்கள் எல்லாம் சொன்னபடி செய்தார்கள். பந்தலைப் பிரிக்கச் சொன்னதும் பிரித்துவிட்டார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் வெயிலில் இருந்தார்கள். பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது ராமாத்தாள் மூவரின் கையையும் பிடித்துக்கொண்டு, எல்லாச் சம்பந்திகளும் சொல்கிற மாதிரி, "அங்க வந்தா விருந்தாளியாட்ட நிக்கக் கூடாது சாமி. அத உங்க வீடாட்டமே நெனச்சுக்கோணும்" என்றாள்.

அதற்கு அடுத்த சந்தை நாளில் மூவரும் போனார்கள். ராமாத்தாள் சந்தைக்குப் போயிருந்தாள். மயிலாத்தாள் தடுத்துப் பார்த்தாள். "அத்த சொல்லிட்டாங்க அம்முணி" என்றார்கள். கட்டிலைத் தங்களுக்குப் பிடித்த மூலைக்கு நகர்த்தினார்கள். பெட்டியை உள்ளறையில் வைத்தார்கள். வாசல் வேப்பமரத்தில் ஒரு கிளை தட்டுகிறது என்று வெட்டினார்கள். தாங்கள் விட்டுவிட்டு வந்த பழைய வீட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அதைத் தங்கள் வீடாக நினைக்கச் சொல்லி இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதால் அது அப்படியே கிடந்தது.

சாயங்காலம் ராமாத்தாள் கூடையோடு வந்தாள். சென்னியப்பன் எதிரே போய்க் கூடையை வாங்கிக்கொண்டான். மாரப்பன் சொம்பில் தண்ணீர் கொடுத்தான். நாச்சிமுத்து பாய் விரித்தான்.

"வாங்க அத்த, வாங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க" என்றான் சென்னியப்பன். "கூச்சப்படாதீங்க. இத உங்க வீடாட்டமே நெனச்சுக்குங்க."

அம்மாள் தன் வீட்டு வாசலில் சொம்போடு நின்றாள். கதவுக்குப் பின்னால் மருமகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். மகன் வழக்கம் போல் தரையைப் பார்த்தான்.

"நா எப்பக் கெளம்போணும், சாமி?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

"என்னங்க அத்த அவசரம்? இருந்துட்டுப் போலாம்" என்றான் சென்னியப்பன்.

ராமாத்தாள் அதன்பிறகு நெடுங்காலம் உயிரோடிருந்தாள். கடைசி வரைக்கும் அந்த வீட்டில்தான் இருந்தாள், விருந்தாளியாக.